ஜெயிலிலிருந்து வந்தவருக்கு வாடகை வீடு



எம்.ஜி.ஆர். ஜெயில் அதிகாரியாக நடித்த 'பல்லாண்டு வாழ்க' (1975) உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆறு கைதிகளை நம்பி வெளியே அழைத்துப்போய் நிலத்தைப் பண்படுத்த வைப்பார். சாந்தாராமின் இந்திப் படத்தைத் தழுவியது அது. அந்த இந்திப் படத்துக்கும் முன்னால் நிஜமான சிறை ஒன்று இருந்தது. 1939-இல் ஔந்த் சமஸ்தானத்தில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஆட்பாடி பக்கம் உருவான திறந்தவெளிச் சிறை. திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு வந்துபோன போலந்துப் பொறியாளர் மாரிஸ் ஃப்ரீட்மன் அதற்கு முன்னின்று உழைத்தவர்.

படத்தில் கைதிகள் மனம் மாறுகிறார்கள். சரி, ஊர் எப்படி மாறுகிறது? அதைத் தெரிந்துகொள்ள ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேர் வரை போகவேண்டும். அங்குள்ள திறந்தவெளிச் சிறைக்கு வருகிறவர்கள் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கையாவது சாதாரண ஜெயிலில் கழித்தவர்கள். கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர்களும் நிறைய. ஆனாலும் மனைவி, கணவன், பிள்ளைகளோடு குடியிருக்கலாம். காலையில் பெயர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகலாம், சாயங்காலம் வருகைப் பதிவுக்குள் திரும்பிவிட வேண்டும். அரசாங்கம் சோறு போடாது. சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும்.

என் பார்வையில் இதுதான் முக்கியம். சாங்கானேர்க்காரர்கள் கூட்டம் போட்டு யாரையும் மன்னித்ததாக நான் நினைக்கவில்லை. கொத்தனார் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது, காவலுக்கு ஆள் வேண்டியிருந்தது, கூப்பிட்டார்கள், கூலி கொடுத்தார்கள். மறுநாளும் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அவ்வளவுதான். இதில் ஒரு விசித்திரமும் நடந்திருக்கிறது. தண்டனை முடிந்தும் சிலர் கிளம்ப மறுத்து, அரசாங்கமே அவர்களை வெளியேற்ற வேண்டியிருந்ததாம். சிறையில் வீடும் பிழைப்பும் அமைந்துவிட்டன. வெளியே போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமே!

நம் ஊரில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்குகளில் கைதிகள் வேலை செய்கிறார்கள். 2023-இல் புழலில் பெண் கைதிகளுக்கென்றே ஒன்று திறந்தார்கள். பைக்குக்கு நூறு ரூபாய்க்குப் போடச் சொல்லி, ரூபாயை அங்குள்ள பெண்ணின் கையில் கொடுக்கிறவருக்கு அச்சம் ஒன்றும் இல்லை. அதே பெண் விடுதலையாகி வந்து, "மாடி போர்ஷன் காலியா இருக்காக்கா?" என்று கேட்டால் பதில் என்னவாக இருக்கும்? அங்கேதான் நாம் தடுமாறுகிறோம்.

சட்டமும் கொஞ்சம் கைகொடுக்கலாம். சிறையிலிருந்து வந்தவர்களுக்கு மறுவாய்ப்புக் கேட்கும் மஞ்சள் நாடா இயக்கம் சிங்கப்பூரில் 2004-இல் தொடங்கியது. அதற்கு மறுவருடம் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறைத் தண்டனை பெற்றவர், ஐந்து வருடம் எந்தக் குற்றமும் செய்யாமல் இருந்தால் அந்தப் பதிவு காலாவதியாகும். வேலைக்கான விண்ணப்பத்தில் 'குற்றப் பதிவு இல்லை' என்று அவர் தைரியமாக எழுதலாம். கொலை, பாலியல் வன்முறை போன்ற பெருங்குற்றங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

குற்றத்தில் உறவை இழந்தவர்களின் வீட்டு வாசலில் போய் நின்று, "அவரை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எனக்கோ உங்களுக்கோ உரிமை கிடையாது. கேட்கவேண்டியது வீட்டுக்காரரிடம், கடை முதலாளியிடம், பெண் கொடுக்கும் குடும்பத்திடம்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜெயிலிலிருந்து வந்த ஒருவருக்குத் தெரிந்தே வீடோ வேலையோ கொடுத்தீர்களா? கொடுக்க மனம் வராமல் அனுப்பிவிட்டீர்களா? எதுவானாலும் எழுதுங்கள். உங்கள் பெயரும் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். ஊர்ப் பெயர்கூட இல்லாமல் பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்