தேடாமலே பதில் சொல்லும் கம்ப்யூட்டர்!

"மண்ணெண்ணெய் டின்னில் அரிசி இருக்கிறதா, பார்" என்று யாராவது சொன்னால் எழுந்து போவீர்களா? மாட்டீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே "இருக்காது" என்பீர்கள்.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் வேலையை மிச்சம் பிடிக்கிறது.

ஓர் அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைப் பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லட்சம் பெயர்கள். "இதில் உள்ள எல்லோரும் 60 வயது நிரம்பியவர்கள்" என்று ஒரு விதியும் எழுதியிருக்கிறார்கள். "50 வயதுக்காரர் உண்டா?" என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் ஒரு பெயரைக்கூடப் பார்க்காது. "இல்லை" என்று சொல்லிவிடும்!

கேள்வியையே மாற்றிக்கொள்ளும் தந்திரமும் உண்டு. பெரிய கப்பல்கள் எல்லாம் எண்ணெய்க் கப்பல்களே என்பது விதியானால், எண்ணெய்க் கப்பல்களுக்குள் மட்டும் தேடும். மற்றவற்றைத் தொடாது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் கிங், 1981-ல் கப்பல் விவரங்களை வைத்தே இந்த முறையை விளக்கினார்.

நல்ல தந்திரம்தான். ஆனால் விதி பொய்யாக இருந்தால்?

வழக்கமாக, விதியை எழுதியதும் கம்ப்யூட்டர் பழைய பெயர்களை எல்லாம் சோதிக்கும். பொருந்தாத பெயர் ஒன்று இருந்தாலும் விதியை ஏற்காது. இதற்கு நேரம் பிடிக்கும். அதனால், ஆரக்கிள், டிபி2 போன்ற மென்பொருள்களில், "சோதிக்க வேண்டாம், நம்பிக்கொள்" என்று சொல்லவும் வழி வைத்திருக்கிறார்கள். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வழி!

ஒரு பெரியவரின் வயது 65. பட்டியலில் 56 என்று ஏறிவிட்டது. அவர் மனுக் கொடுக்கிறார். "வயது தவறாக ஏறியவர்கள் யார்? 60-க்குக் குறைந்தவர்களைக் காட்டு" என்று குமாஸ்தா கேட்கிறார். கம்ப்யூட்டர் பட்டியலைத் திறந்தே பார்க்காமல், "ஒருவரும் இல்லை" என்கிறது. தவறைத் தேடும் கேள்விக்கே தவறான விதி பதில் சொல்லிவிட்டது! குமாஸ்தாவைக் குறை சொல்ல முடியுமா? அவர் ஒழுங்காகத்தான் கேட்டார்.

கடைச் சரக்குக் கணக்கில் இந்த அவசரம் இருந்துவிட்டுப் போகட்டும். பென்ஷன், ரேஷன், வாக்காளர் பட்டியல் இவற்றில் கூடவே கூடாது என்பது என் கருத்து. விதியை நம்பச் சொல்லும் முன், உள்ளே இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கட்டும். அதற்கு ஓர் இரவு முழுவதும் ஆனால், ஆகட்டுமே!