கஷாயத்தை யார் போடுவது?

"சுக்குத் தண்ணி வெச்சுக் குடிம்மா, எல்லாம் சரியாப் பூடும்."

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீட்டுத் திண்ணையில் இதைக் கேட்டேன். சொன்னவர் மாமியார். கேட்டுக்கொண்டவள் மூன்று வாரமாகத் தூங்காத மருமகள். மாமியாருக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அவருடைய மாமியாரும் அவருக்கு இதைத்தான் சொல்லியிருப்பார்.

சுக்கோடு எனக்குப் பகை இல்லை. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியிலேயே சுக்கும் மிளகும் சீரகமும் சேர்கிற ஊர் இது. வயிற்றுக்கு ஓமம், சளிக்குக் கற்பூரவல்லி என்று பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவுதான் அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது. களைத்தவளுக்குச் சூடான ஒரு தம்ளர் இதமாகவும் இருக்கும். அந்தத் தம்ளரை யார் தயார் செய்வது என்பதில்தான் என் வழக்கு.

கோர்வைச் சேலையை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்கான நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவி, இல்லாவிட்டால் மகள். தார் சுற்றுவதும் அவள்தான். கூலி மட்டும் பெரும்பாலும் அவன் பெயரில் வரும். 2019-20ஆம் ஆண்டு கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் உள்ள 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். ஆனாலும் 'நெசவாளி' என்றதும் நம் கண்ணில் ஓர் ஆண்தான் வருகிறான்.

அடுப்பும் தறியும் பிள்ளையும் பார்த்து முடித்தவளுக்கு நெஞ்சு படபடத்தால், மருந்தையும் அவளே இடித்து, அவளே கொதிக்கவைத்து, அவளே வடிகட்டி, தம்ளரையும் அவளே கழுவ வேண்டுமாம். வீட்டில் மற்ற எவருக்குக் காய்ச்சல் வந்தாலும் கஷாயம் படுக்கைக்கு வருகிறது. இவளுக்கு மட்டும் நோயும் இன்னொரு வீட்டுவேலை.

சந்தையும் இதே பேச்சைத்தான் பேசுகிறது. மன அமைதிக்கு மூலிகைத் தேநீர் என்று துளசியையும் கெமோமிலையும் அழகான பெட்டியில் விற்கிறது. உன் பதற்றம் உன் பொறுப்பு, நீயே வாங்கிக் குடித்து ஆற்றிக்கொள் என்பதுதான் அதன் பொருள். கடன், கூலி, குடிகாரக் கணவன், அடி எல்லாம் அந்தப் பேச்சிலிருந்து காணாமல் போகின்றன.

'இயற்கையானது, கெடுதல் செய்யாது' என்பதும் உண்மையல்ல. மனச்சோர்வுக்கென்று விற்கப்படும் ஐரோப்பிய மூலிகை செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்த்து எடுத்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம்; கருத்தடை மாத்திரையின் திறனையும் குறைக்கும். சாப்பிடும் மாத்திரை பற்றி மருத்துவரிடம் சொல்வதுபோல, குடிக்கும் மூலிகை பற்றியும் சொல்ல வேண்டும்.

அரசு நடத்தும் மனநலச் சேவைகளில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசலாம். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கைபேசி, அதுவும் கணவன் சட்டைப்பையில் என்றால், அந்த உரிமை அவளை எப்படி எட்டும்? 'பைத்தியம்' என்ற பேச்சுக்குப் பயந்து மருத்துவமனை வாசலை மிதிக்காதவள், பாதுகாப்பாகச் சொல்லக்கூடிய ஒரே குறை 'தலைவலி'. தலைவலிக்கு மறுபடியும் சுக்கு.

ஆகவே தோழிகளே, தூக்கம் வரவில்லை என்று ஒரு பெண் சொன்னால் கஷாயம் போட்டுக் குடி என்று சொல்லாதீர்கள். நீங்கள் போட்டுக் கொடுங்கள். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். அன்றைக்குத் தாரை வேறு யாராவது சுற்றட்டும். இரண்டு வாரமாகியும் தெளியவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அவள் உழைப்புக்கான கூலியை அவள் பெயரில் கேளுங்கள்.

சுக்கு அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கட்டும். அவள் துயரத்தையும் அதற்குள் போட்டு மூட வேண்டாம்.