பெட்ரோல் எங்கே போகிறது?

"வண்டி பெட்ரோலாய்க் குடிக்கிறது!" மோட்டார் சைக்கிள் உள்ள வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. குடிப்பது வண்டியா, ஓட்டுகிறவரா?

நாளைக்கு 40 கிலோ மீட்டர் ஓடினால் மாதம் 1,200. லிட்டருக்கு 50 கொடுத்த வண்டி 40-க்கு இறங்கினால், 24 லிட்டர் போதும் என்ற இடத்தில் 30 லிட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 600 ரூபாய் புகையாய்ப் போகிறது. குழந்தைக்குப் பால் வாங்கும் பணம் அது!

உடனே மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். டாங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக் கொள்ளுங்கள். 200 கிலோ மீட்டர் ஓடியதும் அதே அளவுக்கு மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, இப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது டயர். காற்று குறைந்த டயர் அமுங்கி அமுங்கி உருளும். என்ஜின் வீணாக உழைக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே காற்றைப் பார்க்க வேண்டும்.

வேகமும் பெட்ரோலைத் தின்னும். வேகம் இரு மடங்கானால், காற்று எதிர்த்துத் தள்ளுவது நான்கு மடங்கு! பிரேக்கில் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களை என்ன சொல்வது?

இந்தியாவில் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே கிடையாது. "கார்புரேட்டரைத் திருகி மைலேஜ் கூட்டித் தருகிறேன்" என்று யாராவது திருப்புளியை எடுத்தால், "எங்கே, காட்டுங்கள்" என்று கேளுங்கள்!