நட்டுவனார் பக்கவாத்தியம் அல்லர்

டாப் நடனக் கலைஞர் ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித்தும் கதக் ஆசான் சித்ரேஷ் தாஸும் காலால் உரையாடிய 'இந்தியா ஜாஸ் சூட்ஸ்' நிகழ்ச்சியைப் புதுக்கலப்பு என்று கொண்டாடுகிறோம். கொண்டாடத் தக்கதே. ஆனால் ஆடலும் தாளமும் ஆசிரியமும் ஒருவரிடத்தே கூடுவது புதிது என்பதை மறுக்கிறேன்.

நட்டுவனார் யார்? கையில் தாளம், வாயில் சொற்கட்டு, கண் மாணவியின் பாதத்தில். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், பாலசரஸ்வதியை உருவாக்கிய கந்தப்பா பிள்ளையும் அவ்வாறே வாழ்ந்தவர்கள். நம் பாடத்திட்டங்களோ அவரைக் கூறுபோட்டன: ஆடலுக்கு ஒரு துறை, மிருதங்கத்துக்கு வேறொன்று. அழைப்பிதழில் அவர் பெயர் பக்கவாத்திய வரிசையில்.

விளைவைத் திருப்பதி, திருச்சானூர்ப் பக்கத்து மேடைகளிலேயே காணலாம். குச்சிப்புடித் தரங்கத்தில் பித்தளைத் தட்டின்மேல் நிற்கும் பாதமே தாளவாத்தியம். அங்கே பதிவிசை ஒலித்தால், கால் தடுமாறும் கணத்தில் தாங்கிப் பிடிப்பவர் எவர்? ஒலிப்பெட்டி காத்திருக்காது, ஆசான் காத்திருப்பார்.

செலவு மிகுதி என்பர். உண்மைதான். ஆனால் ஒப்பனைக்கும் ஒளியமைப்புக்கும் கிடைக்கும் பணம் நட்டுவாங்கத்துக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

என் கோரிக்கை ஒன்றே: ஆடலில் முதுகலை பெறுவோர், தேர்வரங்கில் ஒருவரையேனும் ஆட்டுவித்துக் காட்டட்டும். பட்டம் அதன்பின்.