அரிசிப் பையில் கைப்பிரதி வேண்டாம்



சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில், அரசின் புயல் பாதுகாப்பு மையத்தில், 2012 தொடங்கி ரோகிங்கியா முஸ்லிம் குடும்பங்கள் தஞ்சம் புகுந்தன. மியான்மரின் 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களைச் சொந்த மண்ணிலேயே நாடற்றவர்களாக்கியது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே இங்கும் அவர்களுடைய நிலை உறுதியற்றதே. பலர் பழைய பொருள்களைப் பொறுக்கி விற்றுப் பிழைக்கின்றனர்.

இத்தகைய குடும்பங்களுக்கு உதவ நம் சபைகள் புறப்படும்போது, அரிசிப் பைக்குள் சுவிசேஷக் கைப்பிரதியையும் வைக்கலாமா என்ற கேள்வி எழும். வைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

"அப்படியானால் சுவிசேஷத்தைக் குறித்து வெட்கப்படுகிறோமா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. வேண்டாம் என்று சொல்ல இயலாத நிலையில் இருப்பவனுடைய சம்மதம் சம்மதமே அன்று. பிள்ளையின் பசிக்காக அரிசியை வாங்கும் தாய், கைப்பிரதியை எப்படி மறுப்பாள்?

நம் முத்துக்குளித்துறை இதை அறியும். முத்துக்குளிப்பை முன்னிட்டு முஸ்லிம்களோடு பகை மூண்ட காலத்தில், பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி, 1536-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். அந்த விசுவாசத்தைக் கர்த்தர் ஆழமாக வேரூன்றச் செய்தார். ஆயினும் பாதுகாப்பும் ஞானஸ்நானமும் ஒரே கையால் கொடுக்கப்பட்டதால் எழுந்த ஐயம் நூற்றாண்டுகள் கடந்தும் பேசப்படுகிறது.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தின் நல்ல சமாரியனைக் கவனியுங்கள். தொழத்தக்க இடம் எருசலேமா, கெரிசீம் மலையா என்பது யூதருக்கும் சமாரியருக்கும் இடையே இருந்த தீராத வழக்கு. குற்றுயிராய்க் கிடந்தவனிடம் சமாரியன் அவ்வழக்கை எடுக்கவில்லை. காயம் கட்டினான், சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான், திரும்பி வருவதாகவும் சொன்னான்.

நாமும் அவ்வாறே செய்வோம். என்ன தேவை என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். சமைத்த இறைச்சியைத் தவிர்த்து, அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுங்கள். ரமலானில் நோன்பு நேரம் அறிந்து செல்லுங்கள். பெண்களோடு பெண்களே பேசட்டும். தமிழ் கற்ற பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துத் தாயின் நோயை விசாரிக்காதீர்கள். கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துபோகாமல் மீண்டும் செல்லுங்கள்.

நம் நம்பிக்கையைக் குறித்து அவர்களே ஒருநாள் கேட்டால், மறைக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் அரிசி குறையக் கூடாது.

ஏரோதுக்குத் தப்பி எகிப்தில் அந்நியராய்த் தங்கிய குடும்பத்தில் வளர்ந்த நம் ஆண்டவர், அந்நியரின் மானத்தைக் காக்கும் கிருபையை நமக்குத் தருவாராக. ஆமென்.