நிலவறைக்கு உரியது எது?

நாட்பட நாட்பட வைன் சிறக்கும் என்பர். பிரான்சிலே விளையும் வைனிற் பெரும்பாலானதற்கு இவ்விதி பொருந்தாது. நாந்த் நகரருகே உண்டாகும் முஸ்கடே என்னும் வெள்ளை வைன் விலை குறைந்தது. சிப்பி, மீன் வகைகளுக்கு ஏற்றது. பெரும்பாலும் 2, 3 ஆண்டுகளுள் அருந்துதற்குரியது. மகள் பிறந்தபோது அதனை வாங்கி, அவள் திருமணத்துக்கெனப் பூட்டிவைப்பவர் ஈற்றிற் பெறுவது மணமும் சுவையும் மங்கிய புட்டியையே.

வைனைக் காப்பது விலையன்று. சிவப்பு வைனுக்குப் பழத்தோலிலிருந்து இறங்கும் துவர்ப்பும், வெள்ளைக்குப் புளிப்புமே பெருங்காவல். நெடுநேரம் ஊறிய தேயிலைச் சாயம் நாவைப் பிடிக்குமன்றோ? ஏறக்குறைய அத்தகைய துவர்ப்புத்தான்.

ஆகவே, 1855 இல் தரம் வகுக்கப்பெற்ற போர்தோத் தோட்டங்களின் விலையை எட்டமாட்டாதார் மனந்தளர வேண்டியதில்லை. பொஜோலேயின் புதுவைனை உடனே குடித்துவிடுக; அங்கேயே மொர்கொன் ஊர்ப் புட்டியைச் சில ஆண்டு விட்டுவைக்கலாம். லுவார் ஆற்றுப் பக்கத்து ஷினோன் என்னும் சிவப்பு வைன், நல்ல விளைச்சலாண்டினதாயின், 10 ஆண்டும் நிற்கும். அவ்வாற்றங்கரையிலேயே விளையும் வூவ்ரே என்னும் வெள்ளையோ, இனிப்புடையதாயின், வாங்கினவரையும் கடந்து வாழக்கூடும். மகளுக்கென வைப்போர் நாடத்தக்கது அதுவே.

வைக்குமிடம் இருளும், 12 பாகை செல்சியசு அளவிற் குளிர்மையும் உடையதாதல் வேண்டும். புட்டியைக் கிடத்தியே வைக்க. நிறுத்தினால் தக்கை உலர்ந்து காற்றுப் புகும்.