வேல் அசைத்தவரின் பெயர்

கடந்த ஆண்டு பருவத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு விடையில் நம் சிவப்பு மை சற்றே தயங்கி நின்றது. ஒப்பிலக்கியத் தாள். செகம் முழுவதும் விரும்பிய கவிஞர் என்பதால் ஆங்கிலேயர் அவருக்குச் ‘செகப்பிரியர்’ என்று பட்டம் சூட்டினர் என ஒரு மாணவர் எழுதியிருந்தார். சிரித்துவிட்டு அடுத்த தாளுக்குச் செல்ல இயலவில்லை. அவரை அவ்வாறு எழுதப் பழக்கியவர்கள் தமிழாசிரியர்களாகிய நாமே அல்லவா?

ஷேக்ஸ்பியர் என்பது பட்டமன்று. ஓர் எளிய குடும்பப் பெயர். ஆங்கிலேயரிடையே இன்றும் அரிதாகவே வழங்குவது. அவர்களுடைய குடும்பப் பெயர்கள் மிகத் தொன்மையானவையும் அல்ல. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு மெல்லப் பரவி, 14ஆம் நூற்றாண்டளவில் பெரும்பாலான குடும்பங்களில் நிலைத்தவை. ஊரால் வந்த பெயர்கள் உண்டு. தொழிலால், தந்தை பெயரால் வந்தவையும் உண்டு. இவற்றுக்கு அப்பால், தெருவில் நான்கு பேர் கேலியாகவோ வியப்பாகவோ கூப்பிட்டு, பிறகு பேரப்பிள்ளைகள் வரை ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்களும் உண்டு. நம் கவிஞரின் பெயர் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. ‘ஷேக்’ என்றால் அசை, ஆட்டு. ‘ஸ்பியர்’ என்றால் வேல், ஈட்டி. வேலை ஆட்டிக்காட்டுபவன் என்பது பொருள். தண்ணீர் குடிப்பவன் என்னும் பொருள்படும் ‘டிரிங்க்வாட்டர்’, கோலை ஆட்டுபவன் என்னும் ‘வாக்ஸ்டாஃப்’, ஈட்டியை முறிப்பவன் என்னும் ‘பிரேக்ஸ்பியர்’ ஆகியவை இதன் பங்காளிகள். 1154இல் நான்காம் ஹேட்ரியன் என்ற பெயரோடு திருத்தந்தையான ஒரே ஆங்கிலேயர் நிக்கலஸ் பிரேக்ஸ்பியர் என்பதை நினைத்துக்கொண்டால், இவ்வகைப் பெயர்கள் எவ்வளவு உயரம் ஏறக்கூடியவை என்பது விளங்கும்.

இலக்கணம் நடத்துபவர்களுக்கு இங்கே ஒரு சிறு விருந்து காத்திருக்கிறது. வினையடியும் பெயரும் அடுத்தடுத்து நிற்பதால் இதை வினைத்தொகை என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ‘ஊறுகாய்’ என்பதில் ஊறுவது காய். ஷேக்ஸ்பியரில் அசைப்பது வேலன்று, வேலைப் பிடித்திருக்கும் ஆள். அந்த ஆள் சொல்லுக்கு வெளியே நிற்கிறான். ‘பொற்றொடி வந்தாள்’ என்னும்போது தொடியை அணிந்தவள் சொல்லுக்கு வெளியே நிற்பது போலத்தான். ஆகவே இதை நம் அன்மொழித்தொகைக்கு அருகில் வைப்பதே பொருத்தம் என்பது நம் கருத்து. அந்த வெளியே நிற்கும் ஆள் போர்வீரனாக இருக்கலாம். சந்தையில் சண்டைக்கு நிற்கும் சவடால்காரனாகவும் இருக்கலாம்.

இரண்டாவதே உண்மையோ என ஐயுற இடம் தருகிறது இப்பெயரின் பழைய வரலாறு. கிடைத்துள்ள மிகப் பழைய பதிவுகளில் ஒன்று, குளோஸ்டர்சயரைச் சேர்ந்த வில்லியம் சாக்ஸ்பியர் என்பவரைப் பற்றியது. 1248இல் கொள்ளைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர். இதைவிட நம்மை வருத்தியது 1487ஆம் ஆண்டுச் செய்தி. ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரியில் ஆய்வாளராக இருந்த ஹியூகோ ஷேக்ஸ்பியர் என்பவர் தம் பெயரைச் சாண்டர்ஸ் என்று மாற்றிக்கொண்டார். பழைய பெயர் இழிவானதாகக் கருதப்பட்டதே காரணம் என்று கல்லூரிப் பதிவேடே சொல்கிறது. வேலன், வேலுச்சாமி, வேலாயுதம் என்று பிள்ளைகளுக்கு ஆசையோடு பெயர் வைக்கும் நமக்கு, வேல் ஏந்திய பெயரால் ஒருவர் கூசினார் என்பதை நம்பவே கடினமாக இருக்கிறது. எனினும், வகுப்பில் பெயர் கூப்பிடும்போது தலையைத் தாழ்த்திக்கொண்டு ‘உள்ளேன் ஐயா’ சொல்லும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். ஹியூகோவை அறிய அவ்வளவு போதும்.

வார்விக்சயரும் அதன் சுற்றுப்புறமுமே இப்பெயரின் தாய்மண். கவிஞரின் பாட்டனார் ரிச்சர்ட், ஸ்னிட்டர்ஃபீல்டு என்ற சிற்றூரில் உழுதவர். தந்தை ஜான் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தார்; அந்த நகர ஆவணங்களில் அவர் முதலில் தலைகாட்டுவது 1552இல், தெருவில் குப்பைமேடு குவித்ததற்குத் தண்டம் கட்டியவராக! எழுத்தமைதியோ அந்நாளில் எழுதுபவர் விருப்பம். 1582ஆம் ஆண்டுத் திருமண ஆவணங்களில் ஒன்றில் ‘ஷாக்ஸ்பியர்’, மற்றொன்றில் ‘ஷாக்ஸ்பெர்’ என்பது போன்ற வடிவங்கள். அவருடையவை எனப் பெரும்பாலோர் ஒப்பும் கையொப்பங்கள் ஆறு. 1612க்கும் 1616க்கும் இடைப்பட்டவை. அவற்றுள் ஒன்றுகூட இன்று நூல்களில் அச்சாகும் வடிவத்தில் இல்லை. ‘சரியான’ எழுத்துக் கூட்டலுக்காகப் பின்னாளில் அறிஞர்கள் சண்டையிட்டதும், பெர்னார்ட் ஷா கடைசி எழுத்தை விடாப்பிடியாக வெட்டி எறிந்ததும் தனிக் கதை.

பெயரின் பொருளை அவர் காலத்தவரும் மறந்துவிடவில்லை. 1592இல், இறந்துபோன ராபர்ட் கிரீனின் பெயரில் வெளிவந்த சிறுநூல், மேடையை ஆட்டுபவன் என்று பொருள்பட இப்பெயரைத் திரித்துப் பழித்தது. 1596இல் ஜானுக்கு வழங்கப்பட்ட குலச்சின்னத்தில் பொன்னிறக் கேடயத்தின் குறுக்கே ஒரு வேல். மேலே வேலைப் பற்றிய வல்லூறு. ஆறு ஆண்டுகள் கழித்து, தகுதியற்றவர்களுக்குச் சின்னம் வழங்கப்பட்டுவிட்டது என முறையிட்ட அலுவலர் ஒருவர், எடுத்துக்காட்டாக இதையும் சேர்த்தார். கூத்தாடிக்குக் குலச்சின்னமா என்பதே அங்கே எழுந்த கேள்வி. 1623இல் நாடகத் தொகுதிக்கு எழுதிய பாட்டில் பென் ஜான்சன் அதே வேலைப் புகழாக மாற்றினார். இடையில் பெயரின் பொருள் எள்ளளவும் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாறியது அதைத் தாங்கியவரின் எழுத்தால் வந்த மதிப்பு.

இன்னொரு முரணும் உண்டு. அவருடைய ஒரே மகன் ஹேம்னெட் 1596இல், 11 வயதில் இறந்தான். கடைசிப் பேத்தி எலிசபெத் 1670இல் மறைந்ததோடு நேர்வழி அற்றுப்போனது. தங்கை ஜோனின் வழியினர் தாங்கியது ஹார்ட் என்ற பெயர். எனவே இன்று ஷேக்ஸ்பியர் என்ற பெயரோடு உலவும் எவரும் அவருடைய நேர்வழியினர் அல்லர். 1817இல் இந்துஸ்தானி அகராதி வெளியிட்ட ஜான் ஷேக்ஸ்பியரும் சரி, 2017இல் லெஸ்டர் சிட்டி கால்பந்து அணிக்கு மேலாளராக இருந்து 2024இல் காலமான கிரெய்க் ஷேக்ஸ்பியரும் சரி, பெயரால் மட்டுமே நம் கவிஞருக்கு உறவு.

இத்தனை வரலாறும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அதைத்தான் ‘செகப்பிரியர்’ துடைத்துவிடுகிறது. பிறமொழிப் பெயரைத் தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை; தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் நெறி அது. ‘சேக்சுபியர்’ என்று எழுதுபவரோடு நாம் வழக்குக்குச் செல்ல மாட்டோம். ஒலியை மாற்றுவது வேறு. இல்லாத பொருளைப் புகுத்துவது வேறு. அரபு நாட்டவர் சிலர் அவரை ‘ஷேக் சுபைர்’ ஆக்கியதையும், இத்தாலியர் சிலர் ‘குரொல்லலான்சா’ என்ற குடும்பத்தில் பிறக்கவைத்ததையும் கேட்டுச் சிரிக்கிறோம். நாம் செய்ததும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. இதில் வேடிக்கை என்னவென்றால், வடவெழுத்துக்கு அஞ்சி நாம் படைத்த சொல்லில் ‘செகம்’ வடமொழி, ‘பிரியர்’ வடமொழி! ‘செகசிற்பியர்’ என்பார்க்கும் இதுவே விடை.

பம்மல் சம்பந்த முதலியார் ஹேம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினாரே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். அது தழுவல் நாடகம். கதைமாந்தரைத் தமிழ் மேடைக்குக் குடியேற்றும் உரிமை நாடகாசிரியருக்கு உண்டு. மண்ணில் பிறந்து வாழ்ந்த ஒருவரின் தந்தை பெயரை மாற்றும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

மாணவருக்கு அந்த விடைக்குப் பாதி மதிப்பெண் போட்டோம். மீதிப் பாதி நம் கணக்கில் பற்று. இவ்வாண்டு முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் ‘ஷேக்ஸ்பியர்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு வேலும் வரைந்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “ஐயா, தேர்வில் வேலும் வரையணுமா?” என்றாள்.